தக்காளி அடியுரம்: டிஏபியா, சூப்பரா?

குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துச் செம்மண்ணில் பிகேஎம் 1 போன்ற தக்காளி ரகத்தை ஏக்கர் கணக்கில் நடுகிறவர்கள் மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட்) விட்டு சூப்பர் பாஸ்பேட் வாங்குங்கள். சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கூடவே கிடைக்கும்.

கடைசி உழவில் ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம். அடியுரமாக சூப்பர் 5 மூட்டை (250 கிலோ), யூரியா 65 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ, போராக்ஸ் 4 கிலோ. ஜிங்க் சல்பேட் 20 கிலோவை மட்டும் சூப்பரோடு கலக்கவே கூடாது. இரண்டும் கட்டிக்கொண்டு வேருக்கு எட்டாமல் போகும். மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.

நட்ட 30ஆம் நாள் மண் அணைக்கும்போது இன்னொரு 65 கிலோ யூரியா. அதற்கு மேல் போட்டால் இலைதான் மண்டும், பூ உதிரும், காயின் அடி கறுத்து அழுகும். நிலத்தைக் காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினாலும் அதே அழுகல்தான்.

வீரிய ஒட்டு ரகத்துக்கு இந்த அளவு போதாது. மண் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கூட்டுங்கள்.