நுரையீரல் காசநோய்: கடலோர ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் இருமலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி எடுப்பவருக்குப் புகை, வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவருக்கு உப்புக் காற்று, பாம்பனில் இரவெல்லாம் படகில் கிடப்பவருக்குப் பனியும் பீடியும் என்று ஆளுக்கொரு காரணம் கைவசம் இருக்கிறது. இவற்றால் இருமல் வரவும் செய்யும் என்பதால்தான், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டுச் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் புகையும் பீடியும் காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. ஆகவே கரிமூட்டத்தில் வேலை செய்பவர்தான் மற்றவர்களுக்கு முன்பாகப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அதற்குப் பதிலாகப் பலர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. அங்கே வாங்கும் லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும். காய்ச்சல் தணியும், சளியில் கிருமி குறையும், பரிசோதனையில் நோய் தென்படாமலும் போகலாம். பிறகு நோய் தலைதூக்கும்போது கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கக்கூடும். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கென்று மருத்துவர்கள் வைத்திருக்கும் முக்கிய ஆயுதங்களில் இதுவும் ஒன்று என்பதே இதிலுள்ள ஆபத்து. 2014 முதல் எச்1 அட்டவணை என்ற அரசின் மருந்துப் பட்டியலின் கீழ் மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக்கூடாது என்பது விதி.

பரிசோதனைக்கு எச்சிலைக் கொடுத்துவிட்டு வருவது அடுத்த தவறு. நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு நூற்றுச் சொச்சமே போதும் என்றாலும், எச்சிலில் அதுவும் இல்லாமல் போகலாம். காலையில் எழுந்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்கும் கெட்டியான சளிதான் தேவை. இதைத் திறந்த வெளியில் செய்வது அருகில் இருப்பவர்களுக்கும் நல்லது.

மருந்து தொடங்கிய பிறகு நேரும் ஒரு தவறு மீன் தின்னும் இந்தக் கரைக்கு மிகவும் பொருந்துவது. ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சூரை, கும்ளா, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாதாரணமாக நம் உடலின் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சை முழுவதும் உட்கொள்ளும் ஐசோனியசிட் அந்த நொதிகளைத் தடுக்கிறது. ஆகவே ஒரே சட்டிக் குழம்பை வீட்டார் எல்லோரும் சாப்பிட்டிருக்க, நோயாளிக்கு மட்டும் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு அரிக்கும். வீட்டில் ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டியது அந்த மீனை. சூரையையும் அதில் செய்த மாசிக் கருவாட்டையும் சிகிச்சை முடியும்வரை ஒதுக்கிவிட்டு, அன்றன்று பிடித்த விளமீனோ காரலோ நண்டோ சாப்பிடலாம்; புரதம் தேவைப்படும் உடம்புக்கு மீனையே மறுப்பது வேறொரு தவறாகிவிடும். எதிர்விளைவு வந்தால் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசின் என்ற மற்றொரு காசநோய் மருந்தின் நிறம் மட்டுமே. கண் மஞ்சளானால் அது வேறு. அன்றே காட்ட வேண்டும். நோன்பு நோற்பவர்கள் மருந்தை விடாமல், எந்த நேரத்தில் உட்கொள்வது என்று மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் படுக்கும் அறையின் சன்னலை அடைத்து வைப்பதும் நடக்கிறது. காசநோய் பரவுவது காற்றின் வழியாகத்தான்; எனவே பாத்திரத்தைப் பிரிப்பதைவிடச் சன்னலைத் திறந்து வைப்பதே முக்கியம். 1956-இல் தொடங்கிய சென்னை காசநோய் ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டவர்களையும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு, இரு தரப்பும் ஏறக்குறைய ஒரேயளவு குணமடைந்ததை 1959-இலும், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதை 1960-இலும் வெளியிட்டது.

எல்லா நுரையீரல் புண்ணும் காசநோய் அல்ல என்பதையும் மறக்கலாகாது. ஈர மண்ணில் வாழ்ந்து மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளை, மழைக்காலத்தில் தாக்கும்; எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியும்; காசநோய் மருந்துகளால் குணமாகாது. ஆய்வகத்தில் இதை வேறு கிருமியென்று பிழையாகக் கணிப்பதும் உண்டு. எனவே சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாமலும் காய்ச்சல் விடாமலும் இருந்தால், திருவாடானைப் பக்கத்து நெல்வயலில் இறங்கி வேலை செய்ததையும் சர்க்கரை நோய் இருப்பதையும் மருத்துவரிடம் நாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும். எந்தக் கிருமியைத் தேடி வளர்ப்புச் சோதனை செய்வது என்று ஆய்வகம் தீர்மானிக்க அந்தத் தகவல் உதவும்.