விண்மீன் இயற்பியலில் முனைவர் ஆய்வு: கோலாலம்பூரிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி

கோலாலம்பூரில் இயற்பியல் படித்து முடித்து, விண்மீன்களையும் பால்வீதியையும் ஆராய விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்பதுதான். அதைச் சற்றுத் தள்ளிவைத்து, எந்த ஆய்வுக் கேள்வியோடு நான்காண்டுகள் உட்கார உங்கள் மனம் ஒப்பும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்சைவ் (arXiv) இணையதளத்தில் விண்மீன்களுக்கும் பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இரண்டு மாதம் நாள்தோறும் அவற்றின் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துவந்தால், உங்களைக் கவரும் கட்டுரைகளில் சில பெயர்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். உங்கள் மேற்பார்வையாளரை அந்தப் பெயர்களுக்குள்தான் தேட வேண்டும்.

அடுத்து, கையில் ஒரு சிறு வேலை இருக்க வேண்டும். நம் ஊரின் மேகமும் நகர வெளிச்சமும் இதற்குத் தடையல்ல. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையா, 2022இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்களின் தரவுகள் இருக்கின்றன. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கொத்தைத் தேர்ந்துகொண்டு, இடமாறு கோணத்தையும் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் சிறு கோணம்; தொலைவைக் காட்டுவது) வானில் நகரும் வேகத்தையும் வைத்து அதன் உறுப்பினர்களைப் பின்னணி விண்மீன்களிலிருந்து பிரித்து, விண்மீன்களின் நிறத்தையும் ஒளிர்வையும் ஒப்பிடும் நிற–ஒளிர்வு வரைபடம் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் வரைந்து பாருங்கள். அந்தக் கொத்தின் தொலைவு ஏறத்தாழ 120 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) என்று முந்தைய விண்கலமான ஹிப்பார்க்கோஸ் சொன்னது. கையாவின் அளவீடு 136ஐ ஒட்டி வருகிறது. அந்த வேறுபாடு ஏன் பல ஆண்டுகள் விவாதத்தைக் கிளப்பியது என்று விளக்கத் தெரிந்தவருக்கு நேர்காணலில் பேசப் பொருள் பஞ்சமிருக்காது.

மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிகளைத் தாண்ட வேண்டியதில்லை. அவருடைய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஐயம், நீங்கள் செய்து பார்த்த வேலை, மாணவரை எடுத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற கேள்வி ஆகிய மூன்றும் போதும். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழிகள் நாட்டுக்கு நாடு மாறும். மலாயா பல்கலைக்கழகத்திலும் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மேற்பார்வையாளர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்ததுபோல. அமெரிக்காவில் இளங்கலையோடே சேரலாம், ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பல இடங்களில் விண்ணப்பக் கட்டணமும் உண்டு. எட்டு இடங்களுக்கு அனுப்பினால் இரண்டாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், கட்டண விலக்கு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க், நெதர்லாந்தின் லைடன் போன்ற ஐரோப்பிய மையங்களில் பொதுவாக முதுகலை தேவை. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஊதியத்தோடு பணியாகவே ஆய்வு செய்யலாம்.

அயல்நாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே பரிந்துரைக் கடிதங்களைத் தீபாவளி விடுமுறைக்கு முன்பே பேராசிரியர்களிடம் கேட்டு, உங்கள் வரைபடத்தையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.