முதல் அடிக்கு முந்தின மூச்சு

"பொம்பள நின்னு கையை ஆட்டினா, பேஸ் பாடுற ஆளுக நிமிர்ந்து பாப்பாகளா?" கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்குப் பாடகர் குழுவை நான் நடத்துகிறேன் என்று சொன்னபோது எங்கள் சபையில் ஒரு பெரியவர் கேட்டது இது. பேஸ் என்பது ஆண்களின் கீழ்க்குரல். நான் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கணக்கு டீச்சர். அவருக்கு வாயால் பதில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கையால்தான் சொல்ல முடிந்தது. அந்தக் கையை எப்படிப் பழக்குவது என்று, இதே ஆசையோடு இருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

தாளம் போட நம் எல்லாருக்கும் தெரியும். தொடையில் தட்டுவோம், பாட்டும் தட்டும் சேர்ந்தே போகும். நடத்துவது அது இல்லை. நடத்துகிறவரின் கை சத்தத்துக்கு முன்னால் போக வேண்டும். முப்பது பேர் ஒரே நேரத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால், முதல் அடிக்கு முந்தின அடியில் உங்கள் கை மேலே எழும்ப வேண்டும். கூடவே நீங்களும் வாய் திறந்து மூச்சு இழுக்க வேண்டும். பாட்டின் வேகம் என்ன, எவ்வளவு சத்தமாக ஆரம்பிப்பது, மென்மையா அழுத்தமா, எல்லாம் அந்த ஒரு அசைவுக்குள் இருக்கிறது. மெதுவான பாட்டுக்கு வெடுக்கென்று கையைத் தூக்கினால் குழு தடுமாறத்தான் செய்யும். முதல் வருடம் நான் "ஒன், டூ, த்ரீ" என்று வாய்விட்டு எண்ணினேன். அதனால் யாரும் என் கையைப் பார்க்கப் பழகவில்லை. நீங்கள் எண்ணாதீர்கள். மூச்சு இழுங்கள்.

பழகுவதற்குக் குச்சி வேண்டுமென்றால் கடையில் தேட வேண்டாம். நல்ல தென்னை ஈர்க்கு ஒன்றை 14 அங்குலத்துக்கு நறுக்கி, அடியில் ஒரு தக்கையைச் செருகினால் போதும், கனமே இருக்காது. பாடகர் குழுவுக்கு வெறும் கையே போதும். வாத்தியங்கள் சேர்ந்தால்தான் குச்சி உதவும். நான்கு அடிப் பாட்டுக்கு வலது கை கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று போகும். மூன்று அடிக்குக் கீழே, வலப்பக்கம், மேலே. இதை மனப்பாடம் செய்ய ஒரு சாயங்காலம் போதும். அடி விழுகிற மட்டத்தைப் பழகத்தான் மாதக்கணக்காகும். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு மேசை இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியும் அந்த மேசையைத் தொட்டு எழும்ப வேண்டும். நான் மொட்டை மாடியில் போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்துப் பார்ப்பேன். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளோடு ஆரம்பியுங்கள், அது நிமிடத்துக்கு 60. அப்புறம் அதையே இரட்டிப்பாக்குங்கள்.

அந்தப் படத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது என் முழங்கை. விலாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. கையை அகல வீசாதே, அடக்கமாக நில் என்று ஆச்சி காலத்திலிருந்து நம்மை வளர்த்திருக்கிறார்கள் இல்லையா, அந்த அடக்கம் முழுக்க முழங்கையில் உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசையில் நின்று டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவருக்கு அந்தச் சின்ன அசைவு தெரியவே தெரியாது. கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு தேங்காய் அளவு இடைவெளி வையுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள், மெதுவான இடத்தில் அது தனியாகத் தாளம் போடும். முந்தானையை நன்றாகப் பின் குத்துங்கள். கை பளிச்சென்று தெரிய, பூ வேலை இல்லாத ஒரே நிறச் சேலை நல்லது. என்னைப் போல உயரம் குறைவென்றால் தச்சரிடம் சொல்லி ஒரு பலகை செய்து வாங்கி, கூச்சப்படாமல் அதன்மேல் ஏறி நில்லுங்கள்.

அடுத்தது ஏடு, அதாவது பாட்டின் சுரங்கள் எழுதின தாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் பழைய ஆட்கள் சோல்ஃபா, அதாவது டோ, ரே, மி என்ற சுரங்களை அவற்றின் முதல் எழுத்தால் எழுதுகிற முறை, பார்த்துப் பாடுவார்கள். அதில் நெட்டுக்கோடு வருகிற இடம் உங்கள் கை கீழே இறங்கும் இடம், இரட்டைப் புள்ளி மெலிந்த அடி. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தில் நாரிச் ஊரைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற பெண். அவர் வகுத்ததை ஜான் கர்வென் திருத்திப் பரப்பினார். இது தெரிந்த அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு பலம் வந்தது. பெண்களின் சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களின் டெனர், பேஸ் என்ற நான்கு குரலையும் நீங்களே பாடிப் பழகுங்கள். பேஸை ஒரு எட்டு சுரம் மேலே வைத்துப் பாடினால் போதும். ஒரு குரலைப் பாடிக்கொண்டே இன்னொன்றைக் கீபோர்டில் வாசியுங்கள். எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்று சிவப்புப் பென்சிலில் குறித்து, அதற்கு ஒரு அடி முன்னாலேயே அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள். இடது கை அதற்கும், சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான். வலது கை செய்வதையே அதுவும் செய்துகொண்டிருந்தால் வீண்.

வாத்தியத்தில் நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். கல்யாண பேண்ட் செட்டில் வாசிக்கிற ஒரு தம்பியை டிரம்பெட்டுக்கு அழைத்து, கீபோர்டுக்கு எழுதின ஏட்டையே கொடுத்துவிட்டேன். பி பிளாட் டிரம்பெட்டில் சி என்ற சுரத்தை வாசித்தால், அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே உள்ள பி பிளாட்தான் கேட்கும். அதனால் கீபோர்டு ஏடு ஜி மேஜர் என்ற சுர வரிசையில் இருந்தால் டிரம்பெட்டுக்கு ஒரு முழுச் சுரம் ஏற்றி ஏ மேஜரில் எழுத வேண்டும், பி பிளாட் கிளாரினெட்டுக்கும் அப்படியே. கர்நாடக முறையில் கற்ற வயலின்காரர் வந்தால், அவர் தந்திகளைச் ச, ப, ச, ப என்று கூட்டியிருப்பார், மேற்கத்திய முறையில் கூட்டுவது வேறு. அவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எட்டயபுரம் அரண்மனையில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் வாசித்த சீமை இது, நல்ல வாசிப்புக்குப் பஞ்சமில்லை.

அன்றைக்கு ஒத்திகையில் டிரம்பெட் ஒரு சுரம் இறங்கிக் கேட்டதும் பின்னாலிருந்து, "இதுக்குத்தான் அப்பவே சொன்னோம்" என்றார்கள். முந்தின வருடம் நடத்தியவர் பாதிப் பாட்டில் வழி தப்பியபோது, "பாவம், சார்வாளுக்குக் காய்ச்சல்" என்றவர்களும் அவர்களேதான். எனக்கு அழுகை வந்தது. அழாமல், "தப்பு என்னுடையது, பத்து நிமிஷம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஏட்டை மாற்றி எழுதினேன். தப்பு நடந்தால் அப்படிச் செய்யுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

பேஸ் வரிசையில் மூத்த அண்ணாச்சி ஒருவர் மூன்று வாரம் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டு தம்பியைப் பார்த்தே பாடினார். நான் ஏட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, இந்த இடத்தில் மூச்சு எங்கே எடுக்கலாம்?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய குரலை முழுக்கப் பாடினோம். அவர் சொன்ன இடத்தையே என் ஏட்டில் குறித்தேன். மறு ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் அவரைப் பார்த்து நான் மூச்சு இழுத்தேன். அவரும் இழுத்தார்.

சில சபைகளில் இதுவும் நடக்காது, இடமே தர மாட்டார்கள். அங்கே காத்திருக்காதீர்கள். ராட்டர்டாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அன்டோனியா பிரிக்கோ 1930இல் பெர்லின் பில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற இசைக்குழுவையே நடத்தியவர். அப்படியும் அமெரிக்காவில் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. 1934இல் நியூயார்க்கில் பெண்களை மட்டும் சேர்த்துத் தானே ஒரு இசைக்குழு தொடங்கினார். நமக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டுப் பேர் போதும், மூன்று குரலில் பாடலாம். நான் அங்கேதான் தொடங்கினேன்.

கடைசியாக, பாட்டை முடிப்பது. நம் வரிகள் பெரும்பாலும் 'ம்', 'ன்' என்று முடியும். நீட்டிப் பாடும்போது ஆளாளுக்கு முன்னாலேயே உதட்டை மூடி முனக ஆரம்பித்துவிடுவார்கள். உயிரெழுத்தையே பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நீங்கள் விரல்களைக் குவித்து மூடும்போதுதான் 'ம்' வர வேண்டும். மூடிய கையை உடனே இறக்காதீர்கள். எங்கள் கோவிலில் கூரை உயரம், சத்தம் அடங்க இரண்டு மூன்று நொடி ஆகும். கை இறங்கும்வரை யாரும் ஏட்டை மூடக்கூடாது என்று ஒத்திகையிலேயே சொல்லி வையுங்கள். எங்கள் குழுவில் கடைசியாக ஏட்டை மூடுகிறவர் அந்த அண்ணாச்சிதான்.