நாவாயைத் துரத்துவோம்: ஒரு பழஞ்சொல்லின் வேர் தேடுவது எப்படி?

சொல்லின் வேர் தேட நாலைந்து மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனால் போதும். வழக்கொழிந்துபோன ‘நாவாய்’ அதற்கு வாகான சொல்.

படி 1: பழைய வரிகளில் பொருளைப் பாருங்கள்
அகராதி அப்புறம்தான். புறநானூறு 66இல் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை, ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ய முன்னோனின் வழிவந்தவன் என்று பாடுகிறார். குறள் 496 ‘கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்கிறது. ஆக, இது ஆற்றுப் பரிசல் இல்லை, கடலோடும் கலம்.

படி 2: பேரகராதியைத் திறங்கள்
சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பதிவில் ‘<’ குறி இருந்தால், அடுத்துள்ள சொல்லிலிருந்து வந்தது என்று பொருள்.

படி 3: உறவினரைத் தேடுங்கள்
சுவையான இடம் இதுதான். சமஸ்கிருதத்தில் நௌ, இந்தியில் நாவ். நம் கடற்படையின் இந்திப் பெயரான ‘நௌசேனா’விலும் அதே நௌதான். பாரசீகத்தில் நாவ், கிரேக்கத்தில் நௌஸ், லத்தீனில் நாவிஸ். லத்தீன் கிளையிலிருந்து ஆங்கிலத்துக்கு நேவி, நேவிகேஷன். கிரேக்கக் கிளையிலிருந்து அஸ்ட்ரோநாட், அதோடு குமட்டலைக் குறிக்கும் நாசியாவும்! முதலில் அது கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டல்.

கிரேக்கம் சமஸ்கிருதத்திடம் கடன் வாங்கியது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஒரே மூதாய்மொழியின் பிள்ளைகள்.

படி 4: ஒலியை மட்டும் நம்பாதீர்கள்
ஆங்கிலத்தில் கடற்படை சார்ந்ததும் ‘நேவல்’, தொப்புளும் ‘நேவல்’. தொப்புளுக்கு உறவு சமஸ்கிருத ‘நாபி’. கப்பலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலியோடு பொருளும் வரலாறும் சேர்ந்து வர வேண்டும்.

படி 5: தமிழுக்கு எப்படி வந்தது?
நாவுதல் என்றால் கொழித்தல், அதாவது புடைத்து ஒதுக்குதல். நீரைக் கொழித்துச் செல்வதால் நாவாய் என்று தமிழ் வேர் காட்டுவோர் உண்டு. வடமொழி நௌவின் வழி வந்தது என்போரும் உண்டு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. துறைமுகங்களில் சொற்கள் கைமாறுவது சகஜம். நம் கட்டுமரம்தானே ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனது?

சரி, அடுத்து ‘தோணி’யை நீங்களே துரத்திப் பாருங்கள். மாலத்தீவில் ‘தோனி’ என்றே ஒரு படகு உண்டு, அங்கிருந்து தொடங்கலாம்.