பஞ்சு பொம்மையும் பெரியவர்கள் செய்யும் தவறுகளும்

குழந்தை போகிற இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு திரியும் பஞ்சு பொம்மை ஒன்று இருக்கும். ஒரு காது தொங்கும், ரோமம் சிக்குப் பிடித்திருக்கும், கிட்டப் போனால் பாலும் எச்சிலும் கலந்த ஒரு வாடை. பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே மாதிரி புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுப்பார்கள். குழந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அழுகை ஓயாது. "அதே பொம்மைதானே, என்ன பிடிவாதம்!" என்று பெரியவர்களுக்குக் கோபம் வரும்.

குழந்தையைப் பொறுத்தவரை அது அதே பொம்மை இல்லை. உளவியலாளர்கள் புரூஸ் ஹூட், பால் ப்ளூம் இருவரும் இதை ஒரு வேடிக்கையான சோதனையில் பார்த்தார்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வு அது. எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் குழந்தைகளிடம் காட்டினார்கள். சாதாரண விளையாட்டுப் பொருள் என்றால் நகலை வாங்கிக்கொள்ளக் குழந்தைகள் தயங்கவில்லை. தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்று வந்தபோது பெரும்பாலானவர்களுக்கு அசல்தான் வேண்டியிருந்தது. சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை.

பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1950-களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாங்கிக்கொள்ளக் குழந்தை தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முதல் சொத்து அது என்றார். அவர் கவனித்த இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அழுக்கும் வாடையும் சேரட்டும் என்று அம்மாக்கள் அதை விட்டுவைக்கிறார்களாம், துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்பதால்.

அதற்காகத் துவைக்கவே கூடாதா? துவைக்கத்தான் வேண்டும். தூசிப்பூச்சிகள் இதில் சுகமாகக் குடியிருக்கும், ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள வீட்டில் அது தொல்லை. சொல்லாமல் எடுத்துப்போய்த் துவைப்பதுதான் தவறு. காலையில், குழந்தையின் கண் முன்னால், "கரடி குளிச்சிட்டு ராத்திரிக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தூசிப்பூச்சிகள் சாக 60 டிகிரி செல்சியஸ் சுடுநீர் வேண்டும். அந்தச் சூட்டைத் துணி தாங்காது என்றால் உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாளாவது வைத்து, அப்புறம் சாதாரணத் தண்ணீரில் அலசலாம். உறையவைத்தால் பூச்சி சாகுமே தவிர, ஒவ்வாமை தரும் கழிவு போகாது. ஒரே மாதிரி இரண்டு வாங்கி, குழந்தைக்கு வித்தியாசம் தெரிவதற்கு முன்பே மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்குபவர்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னொரு தவறு, ஆறுதலுக்கு என்று பாட்டுப் பாடி விளக்கெரியும் பொம்மையை வாங்குவது. 1958-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ தன் குரங்குக் குட்டி ஆய்வுகளைப் பற்றி எழுதினார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகள், தாய்க்குப் பதிலாக வைக்கப்பட்ட இரண்டு உருவங்களில், பால் தரும் கம்பி உருவத்திடம் குடிக்க மட்டும் போய்விட்டு, மென்மையான துணி சுற்றிய உருவத்தையே மணிக்கணக்கில் கட்டிக்கொண்டு கிடந்தன. கொடுமையான ஆய்வு என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் தொடு உணர்வே தனி ஆறுதல் என்பதை அது காட்டியது. நம் தோலிலும் மெதுவான, இதமான வருடலுக்கென்றே சிறப்பாக எதிர்வினை காட்டும் நரம்பிழைகள் இருக்கின்றன. வயிற்றுக்குள் கெட்டியான பேட்டரிப் பெட்டி இருக்கும் பொம்மையை எப்படி அணைப்பது? அதில் பட்டன் பேட்டரி இருந்தால் ஆபத்து வேறு. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பஞ்சு பொம்மையும் வேண்டாம், மூச்சுத் திணறலாம். இதில் விதிவிலக்கே கிடையாது.

பள்ளிக்கூடம் போகும் வயதில் "இன்னும் பொம்மையா?" என்று கேலி செய்வதும், "அடம் பிடித்தால் கரடியைத் தூக்கி எறிஞ்சிடுவேன்" என்று மிரட்டுவதும் சர்வ சாதாரணம். இரண்டாவது மோசம். பயத்தைத் தணிக்கும் பொருளையே பயமுறுத்தும் ஆயுதமாக மாற்றிவிடுகிறோம். பொம்மைமேல் பற்று இருப்பதை மட்டும் வைத்துப் பாசக்குறை என்று முடிவு கட்டவும் முடியாது. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே விலகிவிடுகிறார்கள்.

விலகாமலே வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், ஒதுக்கப்பட்டதாக உணரவைக்கப்பட்ட பெரியவர்கள் ஒரு டெடி பியரைத் தொட்ட பிறகு அடுத்தவருக்கு உதவ அதிகம் முன்வந்தார்கள். ஆனால் பல வாரமாகத் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் பொம்மை போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மடியில் கனமாக உட்காரும் எடை பொம்மை பதற்றத்தைக் குணமாக்கும் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம்.

மறதிநோய் உள்ள முதியவர்கள் சிலருக்கும் பொம்மை அமைதி தருகிறது. அதை அவர்கள் கையில் திணிப்பது தவறு. பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு ஒதுங்குங்கள், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்கள். அதைக் குழந்தை என்று நம்பிக் கொஞ்சினால் "வெறும் பொம்மைதான்" என்று திருத்த வேண்டாம், அவர்களிடம் மழலை பேசவும் வேண்டாம். அந்தப் 'பிள்ளை' பசியோடிருக்கிறதே என்று தன் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினால் மட்டும் மருத்துவரோடு பேசி வேறு வழி பார்க்க வேண்டும்.