பொரித்த எண்ணெயில் டீசல் வண்டி ஓட்டுவது எப்படி

முதலில் பானெட்டைத் திறந்து என்ன இன்ஜின் என்று பாருங்கள். காமன் ரயில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் (எரிபொருளைத் தெளிக்கும் முனைகள்) ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் வகை என்றால், இதை இத்தோடு விட்டுவிடுங்கள். அந்த இன்ஜெக்டர்களின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை, அழுத்தமும் ஆயிரம் பாருக்கு மேல். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த வண்டி இன்னும் மோசம். சேர்ந்த கரியை எரிப்பதற்காகப் பல வண்டிகளில் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிப்பார்கள். டீசல் ஆவியாகிப் போய்விடும், தாவர எண்ணெய் போகாது, சுவரோரமாக வழிந்து இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும்.

இதற்குத் தோதானது, எரிபொருளை முதலில் ஒரு சின்ன முன்னறையில் தெளித்து எரிக்கும் பழைய வகை இன்ஜின், அதுவும் இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உந்து வரிசையாக இருக்கும் எரிபொருள் பம்ப்) உள்ளது. மெர்சிடிஸின் ஐந்து சிலிண்டர் ஓஎம்617 இதில் பேர்போனது. ஒரே சுழலும் அமைப்பு எல்லாச் சிலிண்டர்களுக்கும் எரிபொருளைப் பங்கிடும் ரோட்டரி பம்புகளில் சில, கெட்டியான எண்ணெயை இழுக்கத் திணறி உள்ளேயே உடைந்துபோகும்.

எல்லாத் தொல்லைக்கும் மூலம் இந்தக் கெட்டித்தன்மைதான். 40 டிகிரியில் தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டி. அப்படியே தெளித்தால் பொடித்தூறலாகச் சிதறாமல் பெரிய பெரிய துளிகளாக விழும், பாதி எரிந்தும் எரியாமலும் இன்ஜெக்டர் நுனியிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாக ஒட்டிக்கொள்ளும். 1900 பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடியது என்று இந்தப் பேச்சு வந்தாலே யாராவது சொல்வார்கள். ஓடியது உண்மை, ஆனால் அந்த இன்ஜின் வேறு, உங்கள் வண்டி வேறு.

எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசலாக மாற்றினால் கெட்டித்தன்மை பெருமளவு இறங்கிவிடும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும், அது தனி வேலை. இங்கே சொல்வது எண்ணெயைச் சூடாக்கி அப்படியே ஓட்டும் வழி.

எண்ணெய் வாங்கும்போது சாதாரண அறைவெப்பத்திலேயே உறைந்து நிற்பதை ஒதுக்குங்கள், குழாயில் போய் அங்கேயும் உறையும். புளித்த வாடை அடிப்பதும், பல தடவை பொரித்துக் கருத்துப்போனதும் வேண்டாம், அமிலம் ஏறியிருக்கும். சந்தேகமாக இருந்தால் 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் (அமிலம் தீர்ந்ததும் நிறம் மாறிக் காட்டும் திரவம்) விட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு வந்து நிலைக்க 3 மில்லிக்கு மேல் தேவைப்பட்டால் நான் அந்த எண்ணெயைத் தொடமாட்டேன்.

அப்புறம் தண்ணீர். துணுக்குகளை வடிகட்டி பிடித்துவிடும், தண்ணீரைப் பிடிக்காது, பம்பையும் இன்ஜெக்டரையும் துருப்பிடிக்க வைப்பது அதுதான். பொரித்த பண்டத்தின் உப்பும் அந்தத் தண்ணீரில்தான் கரைந்து கிடக்கும். எண்ணெயை 60 டிகிரி வரை சூடாக்கி, அடியில் குழாய் வைத்த பீப்பாயில் சில நாள் அசைக்காமல் விடுங்கள். கசடும் தண்ணீரும் கீழே இறங்கும், அதைத் திறந்து விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அவசரத்தில் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் அடியில் கிடக்கும் தண்ணீர் திடீரென்று ஆவியாகிக் கொதி எண்ணெயை மேலே வீசும். தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க, நன்றாகக் காய்ந்த வாணலியில் சில சொட்டு விடுங்கள்: சடசடத்தாலோ குமிழி விட்டாலோ இன்னும் இருக்கிறது, திரும்பவும் வையுங்கள். பிறகு பெரிய கண் வடிகட்டியில் தொடங்கி 10, 5 என்று கடைசியில் 1 மைக்ரான் வரை. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து மட்டும் வைக்காதீர்கள், சில எண்ணெய்கள் காற்றில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

வண்டியில் இரண்டு டேங்க் வேண்டும். ஒன்றில் டீசல், மற்றதில் எண்ணெய். இன்ஜினைக் குளிர்வித்துச் சூடாகி வரும் கூலன்ட் திரவத்தை எண்ணெய் டேங்க், குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் சுற்றி ஓடவிட வேண்டும், டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றிக்கொள்ள இடையில் ஒரு வால்வு. செம்புக் குழாய் போடாதீர்கள், செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். இயற்கை ரப்பர் குழாய் ஊறி உப்பிவிடும், விட்டான் என்கிற செயற்கை ரப்பர் வகை தாங்கும். பம்பிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் டீசல் டேங்கில் கலக்காதபடி பார்த்துக்கொள்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டும் முறை சுலபம். டீசலில் ஸ்டார்ட் செய்யுங்கள், எண்ணெய் 70 டிகிரியாவது தொட்ட பிறகு மாற்றுங்கள், வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே டீசலுக்குத் திரும்பிக் குழாயைக் கழுவிவிடுங்கள். இரண்டு தெரு தள்ளிப் போய்வருகிற ஓட்டத்துக்கு இது சரிவராது, எண்ணெய் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். மைலேஜ் கொஞ்சம் குறையும். பல நாடுகளில் எரிபொருள் வரியும் வண்டியை மாற்றியமைக்கும் விதிகளும் இதற்கும் பொருந்தும், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஆயிலை வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே மாற்றுங்கள். ரிங் வழியாகக் கசியும் எண்ணெய் அதில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமும் கூழாகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனாலோ, விரலில் தொட்டால் இழை இழையாக வந்தாலோ, அன்றே வடித்துவிடுங்கள்.