இஸ்ஸாவைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மூன்று இளைஞர்கள் தங்கள் ஹைக்கூ மொழிபெயர்ப்புகளை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். மூவரும் எடுத்துக்கொண்டவர் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் கொபயாஷி இஸ்ஸா. நான் முன்பு விழுந்த குழிகளிலேயே மூவரும் விழுந்திருந்தார்கள். ஒற்றுப்பிழை போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

'பனி' என்று எழுதிவிட்டு நகர்வது

இஸ்ஸாவின் ஊர் கஷிவபாரா. இன்றைய நாகானோ மாகாணத்து மலைச் சிற்றூர். 1763இல் பிறந்தவர், சிறு வயதிலேயே தாயை இழந்தார். மாற்றாந்தாயோடு ஒத்துப்போகாததால் பதின்பருவத்திலேயே எடோ (இன்றைய டோக்கியோ) நகருக்கு அனுப்பப்பட்டார். 1812இல், ஐம்பது வயதில், நிலையாகத் தங்கிவிட ஊர் திரும்பியபோது எழுதினார். என் தமிழாக்கம் இது:

இதுதானா
என் கடைசி வீடு?
ஐந்தடிப் பனி.

1819இல் மகள் சாதோ பெரியம்மையில் இறந்தாள். அவளுக்காக எழுதியதை இப்படிப் பெயர்த்தேன்:

பனியுலகம் இது
பனியுலகம்தான்,
ஆனாலும்...

இரண்டிலும் 'பனி' என்றே அச்சிட்டேன். மூலத்தில் முன்னது 'யூகி', பின்னது 'ட்சுயு'. யூகி கூரையை அமுக்கும் வெண்பனி. கஷிவபாராவில் அது ஆளுயரம் குவியும். ட்சுயு புல்லில் நிற்கும் துளி. வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிப் பழகிவிட்டோம்.

என் மொழிபெயர்ப்பு நூலின் முந்நூறு பிரதிகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தன. முதலில் படித்தவர் என் அக்கா. இரண்டு கவிதைகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. அவர் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "குழந்தை பனியில் விறைத்தா போய்விட்டது, தம்பி?" என்று கேட்டார். சாதோ இறந்தது கோடையில். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த முந்நூறில் ஒன்றைக்கூட விற்கவில்லை. மறுபடி அச்சடிக்க இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தேன்.

பணத்தைவிட என்னை இன்றும் உறுத்துவது வேறு. விடை பள்ளியிலேயே படித்த நாலடியாரில் இருந்தது: 'புன்னுனிமேல் நீர்போல் நிலையாமை'. அங்கே பனி என்ற சொல்லே இல்லை. புல்லின் நுனியும் நீரும்தான். நிலையாமைக்கு இஸ்ஸாவின் பௌத்தம் காட்டும் அதே துளியைச் சமண முனிவர்கள் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினேன். இப்போது இப்படி எழுதுகிறேன்:

புல்நுனி நீர் இவ்வுலகம்,
புல்நுனி நீர்தான்,
ஆனாலும்...

மூன்று இளைஞர்களும் 'பனியுலகம்' என்றே எழுதியிருந்தார்கள். தயவுசெய்து மாற்றுங்கள்.

'ஆனாலும்' என்பதை முடித்துவைப்பது

முடிக்காதீர்கள். அவர் முடிக்கவில்லை.

5-7-5 எண்ணுவது

ஹைக்கூவில் ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணுவது ஜப்பானிய ஒலியலகுகளை. அது வேறு, தமிழ் அசை வேறு.

ஈக்கும் தவளைக்கும் தோழர் என்று மட்டும் காட்டுவது

ஈயை அடிக்காதே, அது கையைத் தேய்க்கிறது, காலைத் தேய்க்கிறது என்று எழுதியவர்தான். அதை மட்டும் பெயர்த்தால் கள்ளமில்லாத குழந்தை ஒன்றுதான் கிடைக்கும். 1801இல் தந்தை இறந்தபின், சொத்துக்காக மாற்றாந்தாயோடும் அவர் மகனோடும் 1813 வரை வழக்காடியவர் இவர். 'சொந்த ஊர்: நெருங்கினாலும் தொட்டாலும் முள்ரோஜா' என்ற பொருளில் 1810இல் எழுதியதும் இவரே. மெலிந்த தவளையைப் பார்த்து 'தோற்காதே, இஸ்ஸா இங்கே இருக்கிறேன்' என்று சொன்னது 1816இல். அவருடைய முதல் மகன் பிறந்ததும் அதே ஆண்டுதான். அவன் ஒரு மாதம்கூட உயிரோடு இல்லை. இது தெரிந்தபின் அந்தத் தவளைக் கவிதையில் நான் வைத்திருந்த ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டேன்.

சாதோவோடு கதையை முடிப்பது

முன்னுரைகளில் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகும் இரண்டு மகன்களையும் மனைவி கிக்குவையும் இழந்தார் இஸ்ஸா. 1827இல் ஊரில் பற்றிய தீயில் வீடும் போனது. எஞ்சிய மண்சுவர்க் களஞ்சியத்தில் குடியிருந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது மூன்றாம் மனைவி யாவோ கருவுற்றிருந்தார். தந்தை முகம் பாராத மகள் யாதா அடுத்த ஆண்டு பிறந்தாள். இஸ்ஸாவின் பிள்ளைகளில் வளர்ந்து பெரியவளானது அவள் ஒருத்திதான். களஞ்சியம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது.